மீந்த சாதம், ஆறிய இட்லி, புளித்த மாவு: மாலைப் பலகாரமாகப் பொரித்தெடுக்க முழு வழிகாட்டி

மீந்த சாதத்தில் பக்கோடா போடப் போய் முதல் முறையே வெறுத்துப்போனவர்கள் நிறைய. சாதத்தைப் பிசைந்து, வெங்காயம் சேர்த்து, கிள்ளி எண்ணெயில் போட்டதும் உருண்டை பிரிந்து கடாய் முழுக்கப் பருக்கையாக மிதக்கும். இதில் கைப்பக்குவத்தின் மேல் குற்றமில்லை. மசால்வடையைப் பாருங்கள்: ஊறவைத்து அரைத்த கடலைப்பருப்பு பச்சையாக எண்ணெயில் விழுகிறது, அங்கேயே வெந்து இறுகிக்கொள்கிறது. அதனால்தான் அதற்குத் தனியாக மாவு தேவைப்படுவதில்லை. சாதமோ, அவித்த சுண்டலோ, மசித்த கிழங்கோ ஏற்கெனவே வெந்து முடிந்தவை. தானாக இறுகும் சக்தி அவற்றில் இல்லை. எண்ணெயில் வெந்து இறுகக்கூடிய பச்சை மாவு ஒன்றைக் கூடச் சேர்த்தால்தான் அவை உருவம் கலையாமல் நிற்கும். எவ்வளவு மாவு என்பதை மீந்த பொருளில் இருக்கும் ஈரம் முடிவு செய்யும்.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். வெந்த பொருளுக்கு உள்ளே வேக நேரம் கொடுக்க வேண்டியதில்லை. வெளியே நிறமும் மொறுமொறுப்பும் வந்தால் போதும். ஆகவே நல்ல சூடு, குறைந்த நேரம். புளித்த தோசை மாவு மட்டும் இதற்கு விலக்கு. அது பச்சை மாவு என்பதால் மிதமான தீயில் நிதானமாக வேக வேண்டும்.

கீழே வரும் அளவுகளில் ஒரு கப் என்பது 200 மில்லி.

எதை எடுக்கலாம், எதை விட்டுவிட வேண்டும்

சாதத்தில் கவனம் அதிகம் வேண்டும். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வெந்த பிறகும் சாகாமல் இருக்கும். சாதம் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் அடுப்படியில் கிடந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தியைக் கொண்டுவரும் அந்த நச்சு, எண்ணெயில் பொரித்தாலும் அழியாது. 'பொரித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று நினைப்பது ஆபத்து. மதியம் வடித்த சாதத்தை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மாலைக்குள் பொரித்துவிடுங்கள். இரவு முழுக்க வெளியே கிடந்த சாதம் வேண்டாம்.

தேங்காய் சேர்த்த பொரியலும் சுண்டலும் அன்றைக்கே தீர வேண்டும். தயிர் சாதத்தையும் சாம்பார் சாதத்தையும் பொரிக்க முயல வேண்டாம். அந்த ஈரத்தை இழுக்கக் கொட்டும் மாவில் கடைசியில் மாவின் ருசிதான் மிஞ்சும். நீர் ஊற்றி வைத்த பழைய சாதத்தைப் பிழிந்து பக்கோடா போடுவதும் வீண் வேலை. அதற்கு மோரும் சின்ன வெங்காயமும்தான் பொருத்தம்.

அலமாரியில் இருக்கும் மாவுகள்

டப்பாக்களின் அடியில் இரண்டு கரண்டி, மூன்று கரண்டி என்று கிடக்கும் மாவுகள்தான் இந்த வேலைக்கு மூலதனம். ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்யும்.

கடலை மாவு கட்டிப்பிடிக்கும், நிறம் கொடுக்கும். தனியாகப் போட்டால் சீக்கிரம் மெத்தென்று ஆகிவிடும். அரிசி மாவு மொறுமொறுப்புக்கு. அளவு மீறினால் கடிக்கவே முடியாமல் கடினமாகும். கடலை மாவு 4 பங்கு, அரிசி மாவு 1 பங்கு என்பது நம்பகமான கணக்கு. பொட்டுக்கடலையை மிக்ஸியில் பொடித்தால் கிடைக்கும் மாவு, கலவை தளர்ந்துபோனால் கைகொடுக்கும். ஈரத்தை உடனே இழுக்கும், பச்சை வாடை கிடையாது, வாயில் கரையும். ரவையும் ஈரத்தை இழுக்கும், ஆனால் 15 நிமிடம் பொறுக்க வேண்டும். அவசரத்தில் 'இன்னும் தளர்வாக இருக்கிறதே' என்று மேலும் ரவை கொட்டினால், சிறிது நேரத்தில் கலவை கல்லாகிவிடும். சோள மாவு (கடையில் கார்ன்ஃப்ளார் என்று கிடைப்பது) மெல்லிய, சத்தம் போடும் மேல்தோலைக் கொடுக்கும். மைதா நன்றாக ஒட்டும். ஆனால் பலகாரம் ஆறியதும் சவசவ என்று ஆகிவிடும் என்பதால் ஒட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

அப்பளக் கட்டில் உடைந்த துண்டுகள், கொஞ்சமே கொஞ்சம் சேமியா, மிக்சர் டப்பாவின் அடியில் தங்கிய தூள் எதையும் எறிய வேண்டாம். அப்பளத்தையும் சேமியாவையும் நொறுக்கிக் கட்லெட்டின் மேல் புரட்டலாம். மிக்சர் தூளை உள்ளே சேர்த்தால் ஈரத்தை இழுக்கும். அதில் உப்பும் காரமும் ஏற்கெனவே உண்டு என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

ஜவ்வரிசி சேர்ப்பதாக இருந்தால் விரலால் நசுக்கினால் முழுதாக மசியும் அளவுக்கு ஊறியிருக்க வேண்டும். நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஊறவில்லை. அப்படியே போட்டால் எண்ணெயில் வெடித்து முகத்தில் தெறிக்கும்.

எண்ணெய்ச் சூடு

கடாயில் பாதிக்கு மேல் எண்ணெய் வேண்டாம். ஈரமான கலவை விழுந்ததும் எண்ணெய் பொங்கி எழும். கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ, வீட்டில் எது உண்டோ அது போதும்.

சூடு பார்க்க மிளகு அளவு கலவையைக் கிள்ளிப் போடுங்கள். அடியில் போய் உட்கார்ந்து மெதுவாக மேலே வந்தால் சூடு போதாது; ஏறக்குறைய 150 டிகிரிதான் இருக்கும். கொஞ்சம் அமிழ்ந்து, சுற்றிலும் நுரைத்துக்கொண்டு உடனே மேலே வந்தால் 170 முதல் 180 டிகிரி; இதுதான் வேண்டியது. அமிழாமல் மேலேயே நின்று கண்ணெதிரே கறுத்தால் தீயைக் குறைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள்.

சரியான சூட்டில் பலகாரத்திலிருந்து நீராவி வேகமாக வெளியேறிக்கொண்டே இருக்கும். சுற்றித் தெரியும் குமிழி அதுதான். அது வெளியே தள்ளும்வரை எண்ணெய் உள்ளே புகுவது குறைவு. சூடு இறங்கினால் தள்ளும் வேகமும் இறங்கும், மேல்தோலும் இறுகாது, எண்ணெய் குடிக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பொருளை நிறையப் போட்டால் நடப்பது இதுவே. எண்ணெயின் மேற்பரப்பில் பாதிக்கு மேல் நிரம்பாமல் போடுங்கள். ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவில் அரை நிமிடம் சூடேற விடுங்கள்.

குமிழியின் சத்தத்தையும் கவனியுங்கள். போட்டதும் சடசடவென்று பலமாகக் கேட்கும். ஈரம் வற்ற வற்ற மெலிந்து, கடைசியில் லேசான சலசலப்பாக ஆகும். நிறம் வந்தும் சத்தம் பலமாக இருந்தால் உள்ளே ஈரம் நிற்கிறது, பலகாரம் பத்து நிமிடத்தில் நமுத்துவிடும். தீயைச் சற்றுக் குறைத்து இன்னும் அரை நிமிடம் விட்டு எடுங்கள்.

எண்ணெய் அளவுக்கு மீறிக் காய்ந்து தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, கடாயைத் தட்டால் மூடிவிடுங்கள்.

சாதப் பக்கோடா

குளிர்ந்த சாதம் 2 கப் (அமுக்காமல் அளந்தது), கடலை மாவு அரை கப், அரிசி மாவு 2 மேசைக்கரண்டி, பெரிய வெங்காயம் 1, பச்சை மிளகாய் 2, இஞ்சி ஒரு சிறு துண்டு, சோம்பு அரை தேக்கரண்டி, மிளகாய்த்தூள் முக்கால் தேக்கரண்டி, பெருங்காயத்தூள் ஒரு சிட்டிகை, கறிவேப்பிலை இரண்டு ஈர்க்கு, உப்பு அரை தேக்கரண்டி. சாதம் உப்புப் போட்டு வடித்ததானால் உப்பைப் பாதியாக்குங்கள்.

சாதம் குளிர்ந்திருப்பது முக்கியம். ஆறும்போது அதிலுள்ள மாவுச்சத்து இறுகிவிடுகிறது. சூடான சாதத்தைப் பிசைந்தால் களியாகும், கைவிட்டு வராது.

முதலில் நீளவாக்கில் மெல்லியதாக நறுக்கிய வெங்காயத்தில் உப்பைப் போட்டுப் பிசிறி 5 நிமிடம் வையுங்கள். வெங்காயம் தண்ணீர் விடும். இதைப் பிறகு செய்தால், கலவை சரியாக இருக்கிறது என்று நம்பி அடுப்புக்குப் போன பிறகு தளர்ந்துபோகும். சாதத்தில் பாதியைக் கையால் நன்றாக மசியுங்கள். மறுபாதியை உதிர்த்து மட்டும் விடுங்கள். முழுவதும் மசித்தால் பக்கோடா மெதுவடைபோல் மெத்தென்று ஆகிவிடும். மசிக்காமலே விட்டால் வெளியே துருத்தி நிற்கும் பருக்கைகள் எண்ணெயில் காய்ந்து கல்போல் ஆகி, பல்லைப் பதம் பார்க்கும். மசிந்த பாதியும் மாவும் பருக்கைகளை மூடியிருக்க வேண்டும்.

வெங்காயத்தோடு சாதம், மிளகாய், இஞ்சி, தூள்கள் எல்லாவற்றையும் கலந்து, கடைசியில் இரண்டு மாவையும் தூவிப் பிசையுங்கள். தண்ணீர் சேர்க்காதீர்கள். பதம் பார்க்க எலுமிச்சை அளவு எடுத்து உள்ளங்கையில் ஒருமுறை இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்து பாருங்கள். விரல் தடம் அப்படியே பதிந்து, ஓரம் லேசாக வெடித்து நின்றால் சரியான பதம். தடம் மெதுவாக மறைந்து பளபளவென்று ஆனால் ஈரம் அதிகம். பொட்டுக்கடலை மாவு ஒரு மேசைக்கரண்டி சேருங்கள். பிடிக்கவே வராமல் உதிர்ந்தால் தண்ணீரைத் தெளித்துக்கொள்ளுங்கள், ஊற்ற வேண்டாம்.

ஒன்றே ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பிரியாமல் நின்றால் மீதியைக் கிள்ளிப் போடலாம். போட்டதும் கரண்டியால் கிளறக் கூடாது. மேல்தோல் இறுக 40 விநாடியாவது ஆகும். அதற்குமுன் தொட்டால் உடையும். பிறகு திருப்பிவிட்டு, மொத்தம் 3 நிமிடத்தில் பொன்னிறமானதும் ஜல்லிக்கரண்டியால் அரித்தெடுங்கள். பாத்திரத்தில் குவித்துவைத்தால் தன் ஆவியிலேயே நமுத்துவிடும். கம்பித் தட்டிலோ சல்லடையிலோ பரப்புங்கள்.

இதே சாதத்தில் முறுக்கும் பிழியலாம். ஒரு கப் சாதத்தைத் தண்ணீர் விடாமல், கட்டாயம் தேவையானால் 2 மேசைக்கரண்டி மட்டும் விட்டு, வெண்ணெய்போல் அரையுங்கள். ஒரு பருக்கை தப்பினாலும் அச்சில் அடைத்துக்கொள்ளும். அதோடு அரிசி மாவு 1 கப், பொட்டுக்கடலை மாவு கால் கப், வெண்ணெய் 1 மேசைக்கரண்டி, எள்ளோ ஓமமோ 1 தேக்கரண்டி, உப்பு, பெருங்காயம் சேர்த்துப் பிசையுங்கள். மாவு இறுகினால் தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம். மிதமான தீயில், சத்தம் முழுக்க அடங்கும்வரை விட வேண்டும். பிழியும்போது அறுந்து அறுந்து விழுந்தால் மாவு வறண்டிருக்கிறது. வெண்ணெய் கூடினால் எண்ணெயில் விழுந்ததும் கரையும். வழக்கமான முறுக்குபோல் இது வாரக்கணக்கில் நிற்காது. மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

புளித்த தோசை மாவு

தோசை வார்க்க முடியாத அளவுக்குப் புளித்த மாவுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆந்திரத்தில் இதையே புனுகுலு என்று தெருக்கடைகளில் சுடச்சுடப் போட்டு, அல்லப் பச்சடி என்னும் இஞ்சிச் சட்னியோ கடலைச் சட்னியோ வைத்துக் கொடுப்பார்கள். அங்கே மாவில் ரவையோ மைதாவோ சேர்ப்பதுண்டு. நம் வீட்டுக்கு ரவை நல்லது.

கெட்டியான மாவு 2 கப்புக்கு ரவை 3 மேசைக்கரண்டி, அரிசி மாவு 2 மேசைக்கரண்டி கலந்து 15 நிமிடம் மூடி வையுங்கள். பிறகு பொடியாக நறுக்கிய வெங்காயம் 1, பச்சை மிளகாய் 2, சீரகம் 1 தேக்கரண்டி, கறிவேப்பிலை, தேங்காய்ப் பல் இருந்தால் ஒரு கைப்பிடி. மாவில் ஏற்கெனவே உப்பு இருக்கும். ருசி பார்த்துச் சேருங்கள். புளிப்பு தூக்கலாக இருந்தால் அரைத் தேக்கரண்டி சர்க்கரை அதைத் தணிக்கும்.

சோடா உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. புளித்த மாவில் புளிப்பும் காற்றும் முன்பே உண்டு. சோடா அந்தப் புளிப்போடு சேர்ந்து இன்னும் வாயுவை உண்டாக்கும். ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் போண்டா பஞ்சாகி எண்ணெயை உறிஞ்சும், சோப்பு வாடையும் வரும். நன்றாகப் பொங்கிய மாவானால் சோடா வேண்டவே வேண்டாம்.

விரலை நனைத்து, தண்ணீரை உதறிவிட்டு, நெல்லிக்காய் அளவு எடுத்து எண்ணெயில் நழுவவிடுங்கள். மாவு கரண்டியிலிருந்து ஒழுகாமல் சொத்தென்று விழும் பதத்தில் இருக்க வேண்டும். வால் வால் ஆக நீண்டால் தளர்வு. பெரிதாகப் போட்டால் வெளியே சிவந்து உள்ளே மாவாக இருக்கும். மிதமான தீயில் 5 நிமிடம் பிடிக்கும். ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள். நடுவில் பிசுபிசுப்பு இல்லாமல் கண் கண்ணாக இருந்தால் வெந்துவிட்டது.

அடை மாவு மீந்தால் குணுக்குப் போடலாம். அது கொரகொரப்பான பருப்பு மாவு என்பதால் வேறெதுவும் சேர்க்கத் தேவையில்லை. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை உருவிப் போட்டால் போதும். உளுந்து வடை மாவு ஃப்ரிட்ஜில் நீர்த்துப் போயிருந்தால் துளை போட்டு வடையாகத் தட்டாதீர்கள், நிற்காது. ஒரு மேசைக்கரண்டி அரிசி மாவு கலந்து போண்டாவாக உருட்டிப் போடுங்கள்.

ஆறிய இட்லி

இட்லி முழுக்கத் துளைகள். ஈரமான இட்லியைச் சுமாரான சூட்டில் போட்டால் எண்ணெயில் தோய்த்த பஞ்சு கிடைக்கும். ஃப்ரிட்ஜில் 3 மணி நேரமாவது திறந்து வைத்து, மேல்புறம் உலர்ந்த இட்லியை எடுங்கள். கத்தியில் ஒட்டாமல், பொடியாகாமல் வெட்ட வந்தால் தயார்.

எளிய முறை: விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, மேல்மாவு எதுவும் இல்லாமல் 180 டிகிரி சூட்டில் 3 நிமிடம் பொரித்து, சூட்டோடு இட்லிப் பொடி தூவிக் குலுக்குங்கள். ஆறினால் பொடி ஒட்டாது.

காரமாக வேண்டுமானால் 8 இட்லிகளை நாலாக வெட்டிக்கொள்ளுங்கள். தயிர் 1 மேசைக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது 1 தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரை தேக்கரண்டி, கால் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைக் கலந்து துண்டுகள் மேல் லேசாகப் பூசுங்கள். சோள மாவு 2 மேசைக்கரண்டி, அரிசி மாவு 1 மேசைக்கரண்டி இரண்டையும் உலர்வாகத் தூவிப் புரட்டுங்கள். கரைத்த மாவில் முக்கி எடுப்பது இங்கே தவறு. இட்லி அந்த ஈரத்தைக் குடித்துக் கனத்துவிடும். பொரித்த அதே எண்ணெயில் கறிவேப்பிலையும் கீறிய பச்சை மிளகாயும் போட்டு எடுத்து மேலே தூவுங்கள்.

கிழங்கு, பொரியல், சுண்டல்

பூரி மசாலா மீந்தால் அப்படியே போண்டாவுக்கு உதவாது, தளர்வாக இருக்கும். வெறும் கடாயில் 4 நிமிடம் கிளறி ஈரத்தை வற்றவிட்டு, ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு சேர்த்து ஆறவைத்து உருட்டுங்கள். மேல்மாவுக்குக் கடலை மாவு முக்கால் கப், அரிசி மாவு 2 மேசைக்கரண்டி, மிளகாய்த்தூள் அரை தேக்கரண்டி, உப்பு, சூடான எண்ணெய் ஒரு தேக்கரண்டி. விரலை முக்கி எடுத்தால் தோல் தெரியாமல் மூடியிருக்கும் கெட்டியில் கரையுங்கள். மேல்மாவு நீர்த்திருந்தால் உள்ளிருக்கும் ஆவி அதைக் கிழித்து வெளியே வரும், மசாலா எண்ணெயில் சிதறும்.

பீன்ஸ், கேரட், பீட்ரூட் பொரியல் ஒரு கப்புக்கு, அவித்து மசித்த கிழங்கு ஒன்று, பிரெட் தூள் 3 மேசைக்கரண்டி சேர்த்தால் கட்லெட். தட்டி, மைதா 2 மேசைக்கரண்டியை 4 மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து அதில் தோய்த்து, பிரெட் தூளிலோ நொறுக்கிய சேமியாவிலோ புரட்டி, 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துப் பொரியுங்கள். அந்த 20 நிமிடத்தைத் தவிர்த்தால் புரட்டிய தூள் எண்ணெயில் உதிர்ந்து, அடியில் கருகி, அடுத்த ஈடு முழுவதையும் கசக்க வைக்கும்.

கொண்டைக்கடலைச் சுண்டல் ஒன்றரை கப்பை மிக்ஸியில் தண்ணீர் விடாமல் விட்டு விட்டு இரண்டு சுற்று ஓட்டுங்கள். கடலை மாவு 3 மேசைக்கரண்டி, அரிசி மாவு 1 மேசைக்கரண்டி, வெங்காயம், சோம்பு, மல்லித்தழை. வடையாக மெல்லியதாகத் தட்டுங்கள். வெந்த கடலை என்பதால் கனமாகத் தட்டினால் நடுவில் பிளக்கும்.

சப்பாத்தி, பிரெட் ஓரம்

சப்பாத்தியைச் சாய்சதுரமாக வெட்டி, மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் உலர்த்தி, மிதமான சூட்டில் ஒன்றரை நிமிடம் பொரித்தால் மொறுமொறுவென்று வரும். மிளகாய்த்தூள், உப்பு, ஆம்சூர் (உலர்ந்த மாங்காய்த் தூள்) தூவிக் குலுக்குங்கள். உலர்த்தாமல் போட்டால் பூரிபோல் உப்பி, ஆறியதும் தோல்போல் ஆகும்.

பிரெட் ஓரங்களைத் தோசைக்கல்லில் சிறு தீயில் 10 நிமிடம் புரட்டி, ஆறியதும் பொடித்து, காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் கட்லெட்டுக்குத் தூள் எப்போதும் தயார். சூடாகப் பொடித்தால் ஆவி தங்கிப் பூசணம் பிடிக்கும்.

மிச்ச எண்ணெய்

பொரித்த எண்ணெய் ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டி, அடியில் தங்கிய கசடை விட்டுவிடுங்கள். மறுபடி காய்ச்சும்போது முதலில் புகைவது அந்தக் கசடுதான். வடிகட்டியதைப் புது எண்ணெயோடு கலக்காமல் தனியாக வைத்து, தாளிக்கவும் தோசைக்கும் ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் சிதைவதால் உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளது. வீட்டில் அதை அளக்க முடியாது. ஆனால் எண்ணெய் கறுத்து, பிசுக்காகி, காய்ந்ததும் அடங்காமல் நுரைத்து, வழக்கத்துக்கு முன்பே புகைந்தால் அதன் ஆயுள் முடிந்தது. அதைத் தொட்டியில் ஊற்றினால் குழாயில் இறுகி அடைத்துக்கொள்ளும். மூடியிட்ட பாட்டிலில் சேர்த்து வையுங்கள். உங்கள் ஊரில் பழைய எண்ணெய் வாங்குவோர் இருந்தால் பயோடீசலுக்குப் போகும். இல்லையென்றால் பழைய செய்தித்தாளில் ஊறவிட்டுக் குப்பையில் சேருங்கள்.